டால்பின் மேல் குழந்தை: வெண்கலத்தில் வார்ப்பது எப்படி?

இந்த மாதிரி சிலையில் வார்ப்பு கெடுவது பெரும்பாலும் விரல் நுனியிலும் துடுப்பு ஓரத்திலும்தான். உருகிய உலோகம் அங்கே போய்ச் சேர்வதற்குள் உறைந்துவிடும், இல்லை காற்று அடைத்துக்கொள்ளும். முதலில் மெழுகில் உருச் செய்து, அதன்மேல் பீங்கான் ஓடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றுவதுதான் முறை. மெழுகு உருவின் சுவர் 5 மி.மீ. இருக்கட்டும், துடுப்பு ஓரத்தை 3 மி.மீட்டருக்குக் கீழே இழைக்காதீர்கள். ஒவ்வொரு நுனியிலிருந்தும் மெல்லிய மெழுகுக் குச்சி ஒட்டி மேலே கொண்டுபோங்கள். காற்று வெளியேற அதுதான் வழி.

கன்னத்தை மெழுகிலேயே மழமழவென்று முடித்துவிடுங்கள். வெண்கலத்தில் அரம் போட்டுச் சரிசெய்யப் போனால் குழந்தை முகம் கிழடு தட்டிவிடும்.

பிறகு ஓடு கட்ட, மெழுகு உருவைப் பீங்கான் குழம்பில் முக்கி மணல் தூவ வேண்டும்: 7 முதல் 9 பூச்சு, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. மெழுகை வெளியேற்ற, ஏற்கெனவே செக்கச்செவேலென்று சூடேறியிருக்கும் உலையில் சட்டென்று வையுங்கள். மெதுவாகச் சூடேற்றினால் மெழுகு விரிந்து ஓடு வெடிக்கும். ஓட்டைச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் சிலிக்கான் வெண்கலத்தை (செம்பில் சிலிக்கான் கலந்த உலோகம்) சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் ஊற்றுங்கள். ஓட்டில் துளி ஈரம் இருந்தாலும் உலோகம் தெறிக்கும்; உயிருக்கே ஆபத்து.

கடற்கரையில் நிறுத்துவதானால் அவ்வப்போது நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, உலர்ந்ததும் மெழுகு பூசுங்கள்.