பழைய மெசி: வாங்குமுன் பார்க்க, நின்றால் கிளப்ப

தம்பி, பழைய மெசி பெர்குசன் டிராக்டர் வாங்கப் போனால், பொனற்றில் 135 என்று மொடல் இலக்கம் ஒட்டியிருப்பதை வைத்து விலை பேசாதே. பொனற் மாறும், பெயின்ற் மாறும். ஸ்டியரிங்குக்குக் கீழே டாஷ்போர்டில் இருக்கும் தகட்டில் இலக்கத்தைப் பார். தகடு இல்லையா, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களை எண்ணு. மூன்று என்றால் அனேகமாகப் பெர்க்கின்ஸ் 3.152 எஞ்சின். நான்கு என்றால் பழைய 35 மொடலில் வந்த ஸ்டாண்டர்ட் 23சி எஞ்சினாக இருக்கலாம். அதைக் காலையில் கிளப்பப் பொறுமை வேணும். நான் என்றால் மூன்றைத்தான் எடுப்பேன்.

டீசல் முடிந்து நின்றால் சும்மா செல்ப் அடித்துப் பற்றரியை இறக்காதே, உள்ளே காற்று. பில்டரின் திருகாணியைத் தளர்த்தி, டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்பின் கைப்பிடியை அடி. குமிழி நின்றதும் இறுக்கு. அடுத்து இன்ஜெக்சன் பம்பில் கீழ்த் திருகாணி, பிறகு மேலது. கடைசியில் இன்ஜெக்டர் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, எஞ்சினை நிறுத்தும் ஸ்டொப் கம்பியை உள்ளே தள்ளி, அக்சிலேற்றரைத் திறந்து செல்ப் அடி. டீசல் கக்கினால் இறுக்கு. பீச்சும் டீசல்மேல் கை வைக்காதே, தோலைத் துளைக்கும்.

மாரி முடிந்ததும் கியர் ஒயிலைப் பார். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கு, அனேகமாகக் கியர் லீவர் ரப்பர் வழியாக. 135இல் ஹைட்ரோலிக்குக்கும் அதே ஒயில்தான். ரப்பரை மாற்றாமல் புது ஒயில் ஊற்றுவது வீண்செலவு.

வலிகாமத்துச் செம்மண்ணில் உழுதால் எயர் கிளீனர் கிண்ணத்தையும் அடிக்கடி கழுவு.