தேயிலைத் தாய்ச்செடி தேர்வு: கொழுந்துக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வால்பாறையிலும் நீலகிரியிலும் விதையில் முளைத்த பழைய தேயிலைக் காடுகள், அதாவது தேயிலை நட்ட நிலங்கள், இன்னும் நிற்கின்றன. தேயிலை தன் மகரந்தத்தால் பெரும்பாலும் காய் பிடிக்காது, அதனால் விதைச் செடிகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அந்தக் கூட்டத்தில் நன்றாகக் கொழுந்து தள்ளும் ஒரு செடியைப் பிடித்து, ஒற்றை இலைத் துண்டுகளாக நறுக்கி வேர் பிடிக்க வைத்தால் அது ஒரு குளோன், முதலில் பிடித்த அந்தச் செடிதான் தாய்ச்செடி. தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசியின் 'உபாசி 9' குளோன் ஆனாலும் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் 'டிஆர்ஐ 2025' குளோன் ஆனாலும் மூலம் ஒற்றைச் செடிதான்.

இப்போது தாய்ச்செடி தேர்ந்தெடுக்க இறங்கும் புதியவர்களைப் பார்க்கிறேன், நாங்கள் ஆரம்பத்தில் செய்ததையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராதது, செடியில் கட்டிய சீட்டு தொலைவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை இரண்டாம் நாளே தானாகச் சரியாகிவிடும்.

ஈரக் கொழுந்தை எடை போடுவது

மழையோ பனியோ பட்டிருந்தால் அன்றைய கணக்கு வேண்டாம்.

ஒரு நல்ல மாதத்தை நம்புவது

ஏப்ரல், மே, ஜூனில் சுமாரான செடியும் கொழுந்து தள்ளும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, மண் காய்ந்து கிடக்கும்போது எது தாக்குப்பிடிக்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும். அதனால் ஆண்டு முழுக்க ஒவ்வொரு பறிப்பு ரவுண்டிலும் எடை எடுங்கள், முடிந்தால் ஒரு கவாத்திலிருந்து, அதாவது செடியின் கிளைகளை வெட்டிவிடுவதிலிருந்து, அடுத்த கவாத்து வரை. கவாத்து முடிந்து இரண்டாம் ஆண்டில் இருக்கும் செடியை நான்காம் ஆண்டுச் செடியோடு ஒப்பிடவே கூடாது.

காலி இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் செடி

இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் ஜீப் ரோட்டு ஓரத்துச் செடியைக் காட்டி "சார், இதுதான் சார் டாப்" என்கிறார். பழைய காட்டில் செடிகள் செத்து அங்கங்கே காலி விழுந்திருக்கும். பக்கத்துச் செடி போனதும் இருப்பது அந்தப் பக்கம் கிளை விரிக்கும், வேரை நீட்டும், பக்கவாட்டிலிருந்து வரும் வெயிலையும் வாங்கிக்கொள்ளும், அண்டைச் செடிக்குப் போன உரமும் இதற்கே வந்து சேரும். எடை ஏறத்தானே செய்யும்! அது மண்ணும் இடமும் கொடுத்த எடை, செடியின் பிறவிக் குணம் அதில் எவ்வளவு என்று அந்த எண்ணிலிருந்து சொல்லவே முடியாது.

புது நடவில் இரட்டை வரிசையாக வைத்தால் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 13,200 செடி, அதாவது ஒன்றுக்கு முக்கால் சதுர மீட்டர்தான் கிடைக்கும். ஒரு செடி 1.5 சதுர மீட்டருக்கு மட்டம், அதாவது கொழுந்து பறிக்கும் மேல்பரப்பு, விரித்து ரவுண்டுக்கு 180 கிராம் தருகிறது, உள்ளே நெருக்கத்தில் நிற்கும் இன்னொன்று 0.8 சதுர மீட்டரில் 110 கிராம் தருகிறது என்று வையுங்கள். நோட்டில் முதலாவது ஜெயிக்கும். சதுர மீட்டருக்கு வகுத்துப் பார்த்தால் முதலாவது 120, இரண்டாவது 137க்கு மேல்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் நின்ற செடியைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுப்புச் சாம்பலும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தினமும் அதன் தூரில்தான் விழுந்துகொண்டிருந்தன, ஒரு பக்கம் முழுக்கக் காலி. இலையெல்லாம் கரும்பச்சையாக, பார்க்க அழகான செடிதான். நாற்றங்காலில் ஓராண்டுக்கு மேல், நட்டு மட்டம் கட்டி முழுப் பறிப்புக்கு வர இன்னும் சில ஆண்டு, அப்புறம் ஒரு கவாத்துச் சுற்று, இவ்வளவும் போன பிறகுதான் பக்கத்தில் இருந்த பழைய குளோனை விட அது குறைவாகத் தருகிறது என்று தெரிந்தது. தேயிலை ஐம்பது ஆண்டுக்கு மேல் நிற்கும் பயிர், பிடுங்கிவிட்டு மறுபடி நடுவதற்கு எந்த முதலாளி பணம் தருவார்? அந்தச் சரிவு முழுக்க இன்றும் அதே செடிதான், அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சுற்றிலும் ஒரு செடி கூடக் குறையாமல் நிற்கும் செடிகளை மட்டும் பட்டியலில் சேருங்கள். ரோடு ஓரம், வாய்க்கால் ஓரம், சில்வர் ஓக் மரத்தடி எல்லாம் தள்ளுபடி. மட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் டேப் வைத்து அளந்து பரப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றி நிற்கும் செடிகளையும் அதே நாளில் அதே கையால் பறிக்கச் சொல்லி எடை போடுங்கள், அவற்றின் சராசரியை விட உங்கள் செடி எத்தனை மடங்கு என்பதுதான் பார்க்க வேண்டிய எண். மலைச்சரிவில் மேல்பக்க மண்ணும் கீழ்பக்க மண்ணும் ஒன்றில்லை, காட்டின் மொத்தச் சராசரியோடு ஒப்பிட்டால் கீழே நிற்கும் செடிகளே பட்டியலை நிரப்பிவிடும்.

கத்தரிக்கோலால் கொழுந்து வெட்டிய காட்டில் கணக்கு எடுப்பது

வேண்டாம். கையால் பறித்தது மட்டும்.

எடையோடு நிறுத்திக்கொள்வது

பறித்ததில் இரண்டு இலையும் மொட்டுமாக இருப்பது எத்தனை, மொட்டு உறங்கிப்போன பஞ்சி எத்தனை என்று ஒரு கைப்பிடி எடுத்துப் பிரித்து எண்ணுங்கள். பஞ்சி அதிகமென்றால் அந்தச் செடி அடிக்கடி ஓய்வுக்குப் போகிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் கொப்புள நோய் எவ்வளவு விழுகிறது, வெட்டிய துண்டு வேர் பிடிக்கிறதா என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். வேர் பிடிக்காத செடி எவ்வளவு கொழுந்து தந்தாலும் குளோனுக்கு ஆகாது. தேறியவற்றையும் நேராக மலை முழுக்க நடாமல், முதலில் சிறு பாத்திகளில், தெரிந்த ஒரு குளோனைப் பக்கத்தில் வைத்து, பல இடத்தில் மாற்றி மாற்றி நட்டு எடை பாருங்கள்.