வைரஸ் பி.சி.ஆர்.: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் மழை பிடித்தால் ஆய்வகங்களில் டெங்கு மாதிரிகள் குவியும். ஓசூர், தருமபுரி, சேலம் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்வதும் அதே சமயத்தில்தான். வைரஸின் மரபணுப் பொருளைப் பல மடங்கு நகலெடுத்துக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். பரிசோதனையில், நாங்கள் சேர்ந்த புதிதில் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். கையுறை போடு, டிப்பை மாற்று என்று சொல்லித்தர ஆளிருக்கிறது; அதை விட்டுவிடுகிறேன்.

வைரஸுக்குள் இருப்பது எது என்று பார்க்காமல் ரன் போடுவது

ஹெபடைடிஸ் பி டி.என்.ஏ. வைரஸ். டெங்கு ஆர்.என்.ஏ. வைரஸ். பி.சி.ஆரில் நகலெடுக்கும் டாக் பாலிமரேஸுக்கு டி.என்.ஏ. வேண்டும். அதனால் டெங்குவின் ஆர்.என்.ஏ.வை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி முதலில் டி.என்.ஏ.வாக்கித் தரவேண்டும்; 50 டிகிரி வாக்கில் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். ஹெபடைடிஸ் பிக்கு ஓட்டிய புரோகிராமையே திறந்து டெங்கு பிளேட்டை வைத்தால், மெஷின் நேராக 95 டிகிரிக்குப் போய்விடும். வேலை தொடங்கும் முன்பே அந்த நொதி செத்துவிடும்.

இது தெரிந்ததுதானே என்பீர்கள். போன மழைக்காலத்தில் ஒரு தம்பி இப்படியே ஓட்டிவிட்டு வந்து, "அக்கா, பேஷன்ட் எல்லாம் நெகட்டிவ். கன்ட்ரோல் எல்லாம் சரியா வந்திருக்கு" என்றான். ரன் சரியாக ஓடியதா என்று காட்டத்தான் கன்ட்ரோல் வைக்கிறோம்; எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது அந்தக் கன்ட்ரோல்தான். கட்டாயம் பாசிட்டிவ் வரவேண்டிய பாசிட்டிவ் கன்ட்ரோல், பிளாஸ்மிட் என்னும் வளைய டி.என்.ஏ.தான். ஒவ்வொரு மாதிரியிலும் சேர்த்துப் பார்க்கும் இன்டர்னல் கன்ட்ரோல், மனித ஆர்னேஸ் பி மரபணு. மாதிரியில் நோயாளியின் டி.என்.ஏ. கொஞ்சம் இருந்தாலே அதன் கோடு ஏறிவிடும். இரண்டுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனே வேண்டாம். திரையில் அவை அழகாக வளைந்து ஏறியிருக்க, டெங்கு கோடு மட்டும் தரையோடு கிடந்தது. அந்த நோயாளிகளில் சிலருக்கு, டெங்கு வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை ஏற்கெனவே பாசிட்டிவ் என்பதால் ரிப்போர்ட் போகாமல் நிறுத்தினோம். அந்தப் பரிசோதனை செய்யாதவர்களாக இருந்திருந்தால், டெங்கு இல்லை என்று நம்பி வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆர்.என்.ஏ. வைரஸுக்கு ஆர்.என்.ஏ. கன்ட்ரோலே வையுங்கள். அதையும் நோயாளி மாதிரிகளோடு ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்ஷனிலிருந்தே கொண்டுவாருங்கள்.

பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வை மேசையில் விட்டு டீக்குப் போவது

ஐஸில் வைத்துவிட்டுப் போங்கள்.

எச்.ஐ.வி.க்கு எந்த மாதிரியும் போதும் என்பது

எச்.ஐ.வி. துகளுக்குள் இருப்பது ஆர்.என்.ஏ. நம் செல்லுக்குள் புகுந்தபின் டி.என்.ஏ.வாகி நம் மரபணுத்தொகுதியிலேயே சேர்ந்துகொள்கிறது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்னும் வைரல் லோடு பார்க்க பிளாஸ்மா, சேர்ந்துகொண்ட டி.என்.ஏ.வைத் தேட ரத்தச் செல்கள்.

ஒற்றை இழை என்றால் ஆர்.என்.ஏ., இரட்டை என்றால் டி.என்.ஏ. என்பது

இல்லை. பார்வோ பி19 ஒற்றை இழை டி.என்.ஏ. வைரஸ். ரோட்டா இரட்டை இழை ஆர்.என்.ஏ., அதுவும் 11 துண்டுகள். நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டான பிரைமர், இழைகளைப் பிரிக்காமல் ஒட்டாது. அதனால் ரோட்டாவுக்கு, நொதியைச் சேர்க்கும் முன் ஆர்.என்.ஏ.வை 95 டிகிரியில் சூடாக்கி உடனே ஐஸில் வையுங்கள்; நொதி அதற்குப் பிறகுதான்.