மதுரையில் இரண்டு நாள்: நேரம் வீணாகாமல் சுற்ற

மதுரையில் வெளியூர்க்காரர்கள் கோட்டைவிடுவது மதிய வேளையில்தான். மீனாட்சியம்மன் கோயில் நடை பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். பத்தரைக்கு மேல் வரிசையில் நின்றால் பாதியிலேயே திரும்ப நேரிடலாம். பிரகாரக் கல்லும் காலைச் சுடும். சனிக்கிழமை காலை 6 மணிக்கே போய்விடுங்கள். செல்போனுக்கு உள்ளே அனுமதியில்லை. அறையிலேயே வைத்துவிட்டால் காப்பகத்தில் காத்திருக்க வேண்டாம். ஆனால் பிரிந்து போனால் எங்கே சேர்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், கோபுர வாசல்கள் எல்லாமே புதியவர்களுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

மதியம் திருமலை நாயக்கர் மகாலுக்கு. 1636இல் கட்டியது. தூண்களைத் தட்டிப் பாருங்கள்: கல் அல்ல, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். வெளியே வந்ததும் ஜிகர்தண்டா. ஊறிய பாதாம் பிசின், சுண்டிய பால், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். வயிறு நிறைந்துவிடும், இருவருக்கு ஒன்று போதும்.

இரவுக்குக் கறி தோசை. தடித்த தோசை மேல் முட்டை, அதற்கு மேல் ஆட்டுக்கறி. வேகக் கால் மணி நேரமாகும், பசி முற்றும்முன் சொல்லிவிடுங்கள். மீனாட்சியம்மன் கோயிலில் இரவு நடை சாத்தும்முன் நடக்கும் பள்ளியறை பூஜையும் பார்ப்பதென்றால், அதை முடித்துவிட்டே சாப்பாடு.

ஞாயிறு காலை திருப்பரங்குன்றம், 8 கி.மீ. குடைவரைக் கோயில். அங்கும் மதியம் நடை சாத்துவார்கள்.