பெற்றோரின் வங்கிக் கணக்கு: பிள்ளைகள் செய்யக் கூடாத தவறுகள்

பெற்றோருக்கு வயதாகி, அவர்களுடைய வங்கி வேலையைப் பிள்ளைகள் கையில் எடுக்கும் காலம் எல்லா வீட்டிலும் வருகிறது. கிளையில் அதிகாரியாக இருந்தபோது நான் பார்த்த அதே தவறுகளை, ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் வீட்டில் பார்க்கிறேன். ஓடிபியைச் சொல்லாதீர்கள், ஏடிஎம் கார்டின் பின்னால் ரகசிய எண்ணை எழுதாதீர்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், அவை எல்லோருக்கும் தெரியும்.

“பவர் இருக்கிறது, போதும்” என்று நம்புவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். ஒரு பெண் வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் அப்பா எழுதிக் கொடுத்த பவர் பத்திரம், அதாவது தன் சார்பில் செயல்பட மகளுக்கு அதிகாரம் தரும் பத்திரம். அப்பா நல்ல நினைவோடு இருந்தபோது சார் பதிவாளர் அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்தது. “இது கையில் இருந்தால் கடைசி வரைக்கும் கவலையில்லை” என்று பத்திரம் எழுதியவர் சொல்லியிருக்கிறார். அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம், மெல்ல மெல்ல நினைவும் போய்விட்டது. ஆஸ்பத்திரி பில் கட்ட அவருடைய வைப்புத்தொகையை முடிக்க வேண்டும்.

“அப்பாவிடம் விவரம் சொன்னால் புரிகிறதாம்மா?” என்று கேட்டேன். “என்னையே யாரென்று தெரியவில்லை சார்” என்றார். அதற்கு மேல் அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு என்னால் ஒரு ரூபாய் கொடுக்க முடியாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ பவர் அதோடு முடிந்துவிடும். அப்பாவுக்கு நினைவு தப்பினால் உதவும் என்றுதான் அந்தக் குடும்பம் அதை எழுதி வாங்கியது. நினைவு தப்பிய அன்றே அது வெற்றுக் காகிதம் ஆகிவிட்டது. இதை ஒரு வரி சொல்லாமல் பத்திரம் எழுதிக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

சரி, அப்புறம் என்ன வழி? 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மாவட்ட அளவிலேயே சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு உரியது. முதுமையில் வரும் மறதி நோயும் கோமாவும் அந்தப் பட்டியலில் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ‘நியமனப் பிரதிநிதி’ என்று ஒருவர் உண்டு. அவர் சிகிச்சை விஷயத்தில்தான் உதவ முடியும், வங்கிக் கணக்கைத் தொட முடியாது. கடைசியில் நீதிமன்றம்தான். 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் கோமாவில் இருந்த ஒருவருக்கு அவருடைய மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. முதலில் அந்த மனு நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டில்தான் அந்த அம்மாவுக்கு உத்தரவு கிடைத்தது. மருத்துவமனைக்கும் வக்கீல் அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் அலைவது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. உடம்புதான் முடியவில்லை, மனம் தெளிவாக இருக்கிறது என்றால் பவரே தேவையில்லை. கையெழுத்துப் போட முடியாதவர் விட்ராயல் சிலிப்பில் பெருவிரல் ரேகை வைக்கலாம். கையே வராவிட்டால் கால் விரல் ரேகை போதும். அதுவும் முடியாவிட்டால் ஒரு குறி இட்டால் போதும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். பணத்தை யார் வாங்கிக்கொள்வார் என்பதையும் கணக்குக்காரரே காட்டலாம். இது ரிசர்வ் வங்கியின் விதி. மை தடவிய விரலை நானே மெதுவாகப் பிடித்து, படுத்திருக்கும் மனிதரிடம் தொகையைப் படித்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகு சிலிப்பில் ஒற்றியிருக்கிறேன். இந்த விதி இருப்பது தெரியாமல் அப்பா கையெழுத்தைத் தாங்களே போட்டு வைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அது கள்ளக் கையெழுத்து. பின்னால் உடன்பிறந்தவர்களுக்குள் ஒரு சண்டை வந்தால் அதுதான் முதலில் வெளியே வரும்.

ஆகவே நினைவு தெளிவாக இருக்கும்போதே கணக்கைக் கூட்டுக் கணக்காக்குங்கள். இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்றால் முதல் பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டும்தான். அப்பா கோமாவில் இருக்கும்போது, பாஸ்புக்கில் தன் பெயரைப் பார்த்துக்கொண்டே பணம் எடுக்க முடியாமல் நிற்கும் மகன்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில் மாட்டியவர்கள். வைப்புத்தொகை ரசீதிலும் இதே வரியைப் பாருங்கள். எய்தர் ஆர் சர்வைவரில் கூட்டாளி முழுப் பணத்தையும் எடுத்துவிட முடியும் என்பதால், வீட்டுச் செலவுக்கும் வைத்தியத்துக்கும் வேண்டியதை மட்டும் அதில் வைக்கச் சொல்வேன்.

18 வயது ஆன பிறகும் பெற்றோரே கார்டியன் என்று நினைப்பது

இது பெற்றோர் பக்கத்தில் நடக்கும் தவறு. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும், பெற்றோர் என்ற உரிமையில் மட்டும் கணக்கை நடத்த முடியாது. மேலே சொன்ன 1999 சட்டப்படி, மாவட்ட ஆட்சியரும் இடம்பெறும் உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உதவித்தொகை நின்ற பிறகு ஓடாமல், பிறந்தநாள் நெருங்கும்போதே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

பார்வையற்றவரிடம் வங்கி “துணைக்கு ஒரு பெயர் சேருங்கள்” என்றால் ஒத்துக்கொள்வது

ஒத்துக்கொள்ளாதீர்கள். செக் புத்தகம், ஏடிஎம் கார்டு, லாக்கர், இணைய வங்கி எதையும் பார்வையில்லை என்ற காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 2008லேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பிவிட்டது.

நாமினிதான் வாரிசு என்று நினைப்பது

இல்லை. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்.

அப்பா போன பிறகு அம்மாவுக்குப் புதுக் கணக்கு தொடங்குவது

ஓய்வூதியம் இருவர் பெயரிலுள்ள கூட்டுக் கணக்கில் வந்துகொண்டிருந்தால், குடும்ப ஓய்வூதியத்தையும் அதிலேயே வாங்கலாம். புதுக் கணக்கு கேட்டு வங்கி வற்புறுத்தக் கூடாது.

எழுந்து நடக்க முடியாதவரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருவது

கிளை வாசலில் இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கும், நடமாட முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் எடுத்து வருவது, கட்டுவது, வாழ்நாள் சான்றிதழ் வாங்குவது போன்றவற்றை வீட்டுக்கே வந்து செய்து கொடுக்க முயல வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. வராமல் இருக்க ஒரு காரணம் சொல்வார்கள். கிளை மேலாளர் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்.

குறைந்தபட்ச இருப்பு அபராதத்தைப் பேசாமல் கட்டுவது

அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. வருமானம் குறைந்தவர் என்றால் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள், அதில் குறைந்தபட்ச இருப்பே கிடையாது.

வாயால் கேட்டு, வாயாலேயே மறுக்கப்பட்டுத் திரும்புவது

“அதெல்லாம் இங்கே கிடையாது” என்று கவுண்டரில் ஒருவர் சொன்னதும் மடித்த காகிதத்தோடு திரும்பி வருகிறார்கள். பல சமயம் அவருக்கும் விதி தெரிந்திருக்காது. கோரிக்கையை எழுதுங்கள், நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. முத்திரை விழுந்த நகலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், புகாரோடு அதைத்தான் முதலில் இணைக்க வேண்டும்.