மண்வெட்டிக்கு வீட்டிலேயே கணை செய்து மாட்டும் முறை

ஒரு சித்திரையில் வாய்க்கால் தூர்வாரிக்கொண்டிருந்தேன். ஓங்கிய மண்வெட்டியின் தகடு கணையிலிருந்து கழன்று, தோளுக்கு மேலே பறந்து, பத்தடி தள்ளிப் பின்னால் விழுந்தது. நல்லவேளையாக அங்கே யாரும் நிற்கவில்லை. அந்தக் கணையை இரண்டு வாரத்துக்கு முன்புதான் நானே செய்து மாட்டியிருந்தேன். மாட்டிய அன்று அசைக்கவே முடியாத இறுக்கம். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கணைகள் செய்துவிட்டேன். மூன்றாவது ஒரு வருடமாக ஆடாமல் நிற்கிறது, அந்தத் தெம்பில்தான் இதை எழுதுகிறேன். (எங்கள் பக்கம் கணை என்போம். காம்பு, பிடி என்று உங்கள் ஊர் வழக்கை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.)

கடையில் வாங்கினால் போதாதா? போதும்தான். ஆனால் எங்கள் ஊர்க் கடையில் அடுக்கி வைத்திருப்பவை பெரும்பாலும் தைல மரக் கணைகள். அதன் நார் நேராக ஓடாமல் முறுக்கிக்கொண்டு ஓடும். நான் வாங்கியது ஒரே கோடையில் மேலிருந்து கீழ்வரை வெடித்தது.

பழையதைக் கழற்றுவது

பழைய கணையை நெருப்பில் போட்டு எரித்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பட்டறையில் தோய்த்துத் தகட்டுக்கு ஏற்றிய கெட்டித்தன்மை சூட்டில் போய்விடும், பிறகு எத்தனை முறை தீட்டினாலும் வாய் மழுங்கிக்கொண்டே இருக்கும். கணையைக் கண்ணை (தகட்டில் கணை நுழையும் ஓட்டையை) ஒட்டி ரம்பத்தால் அறுத்துவிட்டு, உள்ளே சிக்கிய கட்டையில் நான்கைந்து துளைகள் போட்டு, ஒரு இரும்புத் துண்டை வைத்துத் தட்டினால் வந்துவிடும்.

கண் காலியானதும் அதன் இரு பக்கமும் குறுக்களவு எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் ஒரு பக்கம் 39 மில்லிமீட்டர், மறுபக்கம் 42. கணை குறுகிய பக்கமாக நுழைந்து அகலமான பக்கமாக வெளியே வர வேண்டும், ஆப்பு அடிப்பது அந்த அகலமான பக்கத்தில். பிக்காசு கதை வேறு. அதன் கணைக்குத் தலை பருத்திருக்கும், மேலிருந்து இறக்கினால் ஓங்க ஓங்கத் தானே இறுகும், ஆப்பே தேவையில்லை. உங்கள் மண்வெட்டியின் கண் அந்த வகையாக இருந்தால் பழைய கணையின் வடிவத்தையே பின்பற்றுங்கள்.

எந்த மரம்

நாட்டுக் கருவேலம், பூவரசு, புளி, கொய்யா எல்லாமே ஆகும். என் கட்சி சீமைக் கருவேலம். வேரோடு ஒழிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போன மரம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெட்டியதை விறகாகவும் கரியாகவும் மட்டும் பார்ப்பது அநியாயம். அதன் வைரம் (உள்ளே இருக்கும் முற்றிய மரம்) கெட்டியானது, காயும்போது மற்ற மரங்களைவிடக் குறைவாகவே சுருங்கும். நேரான துண்டு கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு மாலை முழுக்கத் தேடி, செருப்பைத் துளைத்த முள்ளோடு வீடு திரும்பினேன்.

ஒரு சாண் பருமனுள்ள அடிமரமாகப் பாருங்கள். கைப்பருமன் கொம்பைப் பட்டை சீவி அப்படியே கணையாக்கினால், நடுமையம் உள்ளேயே இருப்பதால் காயும்போது வெடிக்கும். அடிமரத்தை நான்காகப் பிளந்து, ஒரு காலிலிருந்து கணை எடுக்க வேண்டும். ‘பிளந்து’ என்பதைக் கவனியுங்கள். ரம்பம் கோட்டைப் பார்த்துப் போகும், நாரைப் பார்க்காது. நார் குறுக்கே அறுபட்ட கணை அந்த இடத்தில்தான் ஒடியும். இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வைத்துப் பிளந்தால் மரம் நாரின் வழியே விடும். பிளந்த முகம் முறுக்கிக்கொண்டு வந்தால் அதை அடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

காய வைப்பது (நான் சறுக்கிய இடம்)

முதல் கணையை வெட்டிய மூன்றாம் நாளே மாட்டினேன். பச்சை மரம் வெண்ணெய் போல இழையும், செதுக்கச் சுகமாக இருக்கும், அந்தச் சுகத்தில்தான் ஏமாந்தேன். மரம் காயும்போது நீளத்தில் அநேகமாகக் குறையாது, பருமனில்தான் குறையும். இரும்புக் கண் அதோடு சேர்ந்து சுருங்காது. அன்று இறுக்கமாக இருந்தது சித்திரை வெயிலில் தளர்ந்ததற்கு இதுதான் காரணம்.

தகடு பறந்த பிறகு, “ராத்திரி தொட்டித் தண்ணீரில் போட்டு வைடா, காலையில் இறுகிவிடும்” என்றார் பெரியப்பா. இறுகியது. ஒரு வாரத்தில் முன்பைவிட மோசமாக ஆடியது. மறுபடி ஊறப்போட்டேன், மறுபடி ஆடியது. ஊறும் மரம் உப்பப் பார்க்கிறது, இரும்பு விடுவதில்லை, அதனால் மரத்தின் நார்கள் தமக்குள்ளேயே நசுங்குகின்றன. நசுங்கிய நார் காய்ந்த பிறகு பழைய பருமனுக்குத் திரும்புவதில்லை. ஒவ்வொரு முறை ஊறப்போடும்போதும் கணை இன்னும் கொஞ்சம் மெலிகிறது. பெரியப்பாவிடம் இதை விளக்கினேன், அவர் இன்னும் ஊறப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே, பிளந்த கட்டையைத் தேவைக்கு மேல் ஒரு விரல் பருமன் கூடுதலாக விட்டுச் செதுக்கி, இரு முனைகளிலும் சாணியோ பழைய பெயிண்டோ பூசி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், பூசாவிட்டால் அங்கிருந்து வெடிப்பு கிளம்பும். மொட்டை மாடி வெயில் கூடவே கூடாது.

எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், எடை போட்டுப் பாருங்கள். என் கட்டை பிளந்த அன்று 2,050 கிராம். வாராவாரம் சமையலறைத் தராசில் வைத்துச் சுவரில் எழுதினேன். நான்காவது மாதம் 1,430-க்கு வந்து, அடுத்தடுத்த மூன்று வாரமும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் இழைப்புளியைத் தொட்டேன்.

செதுக்குவது

இது எளிது. முதலில் சதுரமாக்குங்கள், பிறகு நான்கு மூலைகளையும் சீவி எண்பட்டையாக்குங்கள், அதன் மூலைகளையும் சீவினால் உருண்டைக்கு வந்துவிடும். முழு உருண்டையைவிட லேசான முட்டை வடிவம் நல்லது, தகடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பார்க்காமலே கைக்குத் தெரியும். கை பிடிக்கும் இடத்தில் 34 மில்லிமீட்டர் எனக்குச் சரி. கடைக் கணைகள் முதுகை ஒடிக்கும் அளவுக்குக் குட்டை. நான் 90 சென்டிமீட்டர் வைத்தேன்.

வாச்சி (தச்சர்கள் மரம் செதுக்கும் கருவி) பழகியவர்களுக்கு வாச்சியே போதும், எனக்கு அது காலைக் குறிவைக்கிறது. இழைப்புளியும் மர அரமும் வைத்துக்கொண்டேன். கடைசி மெருகுக்கு உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவதற்கு ஈடில்லை, கையுறை அவசியம். கிரைண்டரில் பல் சக்கரம் மாட்டி மரம் செதுக்கும் காணொளிகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஒருமுறை துள்ளினால் விரலோடு போகும்.

மாட்டுவது

கண்ணின் உள்பக்கம் விளக்குக் கரியைத் தடவிவிட்டுக் கணையை நுழைத்து உருவுங்கள். கரி ஒட்டிய இடங்கள்தான் தட்டும் இடங்கள், அவற்றை மட்டும் அரத்தால் தேயுங்கள். பத்துப் பதினைந்து முறை செய்ய வேண்டிவரும். அவசரப்பட்டு மொத்தமாகச் சீவினால் கணை ஒல்லியாகிவிடும்.

கடைசியாக இறுக்கும்போது தகட்டின் மேல் அடிக்கக் கூடாது. தகடு கீழே தொங்கும்படி கணையைக் கையில் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் கைப்பிடி முனையில் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியால்) அடியுங்கள். பார்க்க முட்டாள்தனமாக இருக்கும். ஆனால் கனமான இரும்பு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், கணைதான் கண்ணுக்குள் இறங்கும்.

மாட்டும் முன்பே முனையில் கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு ரம்ப வெட்டு போட்டிருக்க வேண்டும். கண் நீள்வட்டமாக இருந்தால் வெட்டும் நீளவாக்கில். அதில் நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்த ஆப்பை அடித்து, நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிடுங்கள்.

வார்னிஷ் வேண்டாம், வியர்வையில் வழுக்கிக் கொப்புளம் தரும். ஆளிவிதை எண்ணெய் மூன்று முறை பூசினால் போதும். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.

பிற்சேர்க்கை 1: கணையிலிருந்து மாவு போலத் தூள் கொட்டுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வண்டு. வெளுப்பான புறப்பகுதியில் இருக்கும் மாவுச்சத்துக்காக வருகிறது. பிளக்கும்போதே வெளுப்பைச் சீவி எறிந்து வைரத்தை மட்டும் எடுங்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று.

பிற்சேர்க்கை 2: ஒற்றைச் சக்கரக் கைவண்டிக்கு இதே முறை சரிவருமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். மரமும் காய வைப்பதும் இதேதான், கண்ணும் ஆப்பும்தான் இல்லை. வண்டியின் இரண்டு பிடிக் கட்டைகளையும் ஒரே அடிமரத்திலிருந்து எடுங்கள், ஏறக்குறைய ஐந்தடி நீளம் வேண்டும். பெட்டி உட்காரும் பகுதியைச் சதுரமாகவே விட்டு, கை பிடிக்கும் முனையை மட்டும் உருட்டுங்கள். பழைய பிடிக் கட்டையை மேலே வைத்துத் துளைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். துளை போடுவது மரம் முழுதும் காய்ந்த பிறகு, போல்ட்டின் இரு பக்கமும் அகலமான வாஷரோடு.