பழைய மூணு ஸ்க்ரூ ரூகர் ரிவால்வரை கம்பெனிக்கே அனுப்பி சரி பண்றது எப்படி

டெக்சாஸ்ல எங்க பக்கத்து வீட்டுல இருந்த பெரியவர் மக வீட்டோட போய் இருக்கப்போறேன்னு வீட்டை காலி பண்ணப்ப ஒரு ரூகர் பிளாக்ஹாக் 357 ரிவால்வரை எனக்கு கொடுத்துட்டு போனாரு. 60கள்ல அவர் புதுசா வாங்கினது, அதுக்கப்புறம் பல வருஷம் அலமாரில ஒரு லெதர் ஹோல்ஸ்டருக்குள்ளயே கிடந்திருக்கு. வெளிய எடுத்துப் பாத்தா பேரல்ல லெதர் ஒட்டியிருந்த பக்கம் முழுக்க மிளகு தூவின மாதிரி துருப்புள்ளி, பிரேம் கறுப்பா இல்லாம நாவப்பழம் கலர்ல மாறியிருக்கு, குண்டு போடற சுத்தற சிலிண்டர் கொஞ்சம் ஆடுது. இதை எப்படி சரி பண்றதுன்னு தேடி, போன் பண்ணி, அனுப்பி வாங்கினதுல கத்துக்கிட்டதை அமெரிக்கால இருக்கற நம்மாளுங்களுக்காக எழுதுறேன், ஏன்னா பாதி பேர் பளபளப்புக்காக அனுப்பணும்னு நினைக்கறாங்க, ஆனா அதைவிட முக்கியமான வேலை உள்ள இருக்கு.

முதல்ல உங்ககிட்ட இருக்கறது எந்த மாடல்னு பாருங்க. ரூகர் கம்பெனி 1949ல ஆரம்பிச்சது, முதல் ரிவால்வர் 1953ல வந்த சிங்கிள் சிக்ஸ், 1955ல பிளாக்ஹாக், 1958ல பேர்கேட், 1959ல சூப்பர் பிளாக்ஹாக். 1973ல உள் மெக்கானிசத்தையே மாத்தி நியூ மாடல்னு பேர் வச்சு விட்டாங்க, அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் ஓல்ட் மாடல். பிரிச்சு பாக்க வேண்டியதே இல்ல, பிரேமோட பக்கவாட்டுல ட்ரிகருக்கு மேல மூணு ஸ்க்ரூ தெரிஞ்சா ஓல்ட் மாடல், ஸ்க்ரூ இல்லாம ரெண்டு பின் மட்டும் இருந்தா நியூ மாடல். இன்னொரு அடையாளம், ஓல்ட் மாடல்ல குண்டு போடணும்னா ஹேமரை பாதி இழுத்து ஹாஃப் காக்ல நிறுத்தணும், அப்பதான் சிலிண்டர் சுத்தும். நியூ மாடல்ல லோடிங் கேட்டை, அதாவது குண்டு போடற சின்ன கதவைத் திறந்தாலே சுத்திடும். சீரியல் நம்பரை வச்சு எந்த வருஷம் செஞ்சதுன்னு ரூகரோட வெப்சைட்லயே பாக்கலாம்.

இந்த மூணு ஸ்க்ரூ ஏன் முக்கியம்னா, ஓல்ட் மாடல்ல ஹேமர் முழுசா கீழ இருக்கறப்ப அது நேரா ஃபயரிங் பின் மேல உக்காந்திருக்கு, அந்த பின்னோட முனை குண்டோட பிரைமரை, அதாவது அடி பட்டா பத்திக்கற பின்பக்க மூடியைத் தொட்டுட்டு இருக்கு. அந்த நிலைமைல ரிவால்வர் கைதவறி விழுந்து ஹேமர் மேல அடி பட்டா வெடிக்கும். சேஃப்டி நாட்ச்னு ஒரு சின்ன வெட்டு இருக்கே, அதுல நிறுத்தி வச்சா போதாதான்னு கேப்பாங்க, போதாது, பலமா அடி பட்டா அந்த வெட்டே உடைஞ்சுடும். அதனாலதான் பழைய ஆளுங்க ஆறு குழில அஞ்சு குண்டு மட்டும் போட்டு, ஹேமருக்கு நேரா இருக்கற குழியை காலியா விடுவாங்க. எங்க பெரியவரும் துப்பாக்கியை கைல கொடுக்கறப்பவே "அஞ்சுதான், ஆறாவது எப்பவும் கிடையாது"ன்னு ரெண்டு தடவ சொல்லிட்டுதான் கொடுத்தாரு. மாத்தாத ஓல்ட் மாடல் உங்ககிட்ட இருந்தா இன்னைக்கும் அதுதான் விதி.

ரூகர் 1982ல இருந்து இந்த ஓல்ட் மாடல்களுக்கு ஒரு சேஃப்டி கன்வர்ஷன் செஞ்சு தர்றாங்க, காசு வாங்கறதில்ல. நீங்க முதல் ஓனரா இருக்கணும்னு இல்ல, பில் இருக்கணும்னும் இல்ல. பழைய ஹேமர், ட்ரிகர் எல்லாம் எடுத்துட்டு ட்ரான்ஸ்ஃபர் பார்னு ஒரு சின்ன பட்டை வச்ச புது செட் போடுவாங்க. அப்புறம் ஹேமர் கீழ இருந்தாலும் ஃபயரிங் பின்னைத் தொடாது, ட்ரிகரை முழுசா இழுத்துப் பிடிச்சிருந்தா மட்டும்தான் அந்த பட்டை மேலயே நின்னு ஹேமரோட அடியை பின்னுக்கு கடத்தும், விட்டா கீழ இறங்கிடும். கழட்டின பழைய பார்ட்ஸை ஒரு கவர்ல போட்டு துப்பாக்கியோடயே திருப்பி அனுப்புவாங்க. அந்த கவரை மட்டும் தொலைச்சுடாதீங்க. பழைய ரூகர் சேகரிக்கறவங்க கேக்கற முதல் கேள்வியே ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்கான்னுதான்.

ஒரு விஷயம் முன்னாடியே தெரிஞ்சுக்கணும். வேற ஏதாவது ரிப்பேருக்காக ஓல்ட் மாடலை அனுப்பினாலும் இந்த கன்வர்ஷனைப் போட்டுத்தான் திருப்பி அனுப்புவாங்க. வேண்டாம்னு லெட்டர்ல எழுதி வச்சாலும் நடக்காது, அவங்க பக்கம் பாத்தா அது நியாயமும் கூட. ட்ரிகர் ஃபீல் பழசு மாதிரி இருக்காது, பழைய ஓல்ட் மாடல் ட்ரிகர் கண்ணாடி உடைஞ்ச மாதிரி டக்குனு விடும், மாத்தினப்புறம் கொஞ்சம் இழுவை தெரியும். எனக்கு அது பரவாயில்லன்னு தோணுச்சு, ஏன்னா நான் சுடறதுக்கு வச்சிருக்கேன், வீட்டுல வளர்ற பையன் இருக்கான். ஆனா உங்க கைல இருக்கறது சிங்கிள் சிக்ஸ்ல முதல் சில வருஷத்து ஃபிளாட் கேட் மாடல், இல்ல பிளாக்ஹாக்ல ஆரம்ப கால ஃபிளாட் டாப், அதுவும் அதிகம் சுடாம புதுசு மாதிரி இருக்குன்னா எங்கயும் அனுப்பாதீங்க, ரூகர்கிட்ட காசு கட்டி லெட்டர் ஆஃப் ஆதன்டிசிட்டி, அதாவது இது அசல்தான்னு கம்பெனி தர்ற சான்று மட்டும் வாங்கி வச்சுக்கங்க. அந்த மாதிரி பீஸ்ல நீங்க செய்யற எந்த நல்ல வேலையும் விலையைக் குறைக்கத்தான் செய்யும்.

இப்ப ஃபினிஷ் விஷயம். ப்ளூயிங்ங்கறது பெயிண்ட் இல்ல. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைச்ச தொட்டியை 140 டிகிரி செல்சியஸ் பக்கம் கொதிக்க விட்டு அதுல இரும்பை முக்கி எடுக்கறது, அப்ப இரும்போட மேல் தோலே கறுப்பு ஆக்சைடா மாறுது. ரொம்ப மெல்லிசான தோல், அதனால அது எந்தப் பள்ளத்தையும் மூடாது. துருப்புள்ளி போகணும்னா முக்கறதுக்கு முன்னாடி அந்த புள்ளியோட ஆழம் வரைக்கும் சுத்தியிருக்கற இரும்பை எல்லாம் தேய்ச்சு எடுக்கணும், மொத்த வேலையும் அந்த பாலிஷ்லதான் இருக்கு. பாலிஷ் பண்றவர் கை சரியில்லைன்னா கூர் விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி உருண்டுடும், ஸ்க்ரூ ஓட்டையைச் சுத்தி குழி விழும், எழுத்து மங்கும். இதை நான் பட்டு கத்துக்கிட்டேன். பல வருஷம் முன்னாடி ஒரு பழைய 22 ரைஃபிளை பக்கத்து ஊர்ல ஒரு கடைல ப்ளூ பண்ணக் கொடுத்தேன், பளபளன்னு கண்ணாடி மாதிரி வந்துச்சு, வீட்டுக்கு வந்து வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சுப் பாத்தா பேரல் மேல கம்பெனி பேர்ல பாதி எழுத்து காணோம். அதை திரும்பக் கொண்டுவர வழியே இல்ல. கம்பெனிக்கே அனுப்பணும்னு நான் பிடிவாதமா சொல்றதுக்கு அதுதான் காரணம், எந்த விளிம்பு எவ்வளவு கூரா இருக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்.

நாவப்பழக் கலர் பத்தியும் சொல்லணும். ரூகரோட பிரேம் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங், அதாவது மெழுகு அச்சு வச்சு வார்த்த ஸ்டீல். பேரலும் சிலிண்டரும் கறுப்பாவே இருக்க, இந்த வார்ப்பு ஸ்டீல் மட்டும் காலப்போக்குல ஊதா கலந்த பழுப்பா மாறும், நிறைய பழைய ரூகர்ல பாக்கலாம். அது துரு இல்ல, கெட்டுப் போனதும் இல்ல. எங்க பெரியவரோடதை சாயங்கால வெயில்ல வச்சுப் பாத்தா அந்த கலர் அவ்வளவு அழகா இருந்துச்சு, அதனால பிரேமைத் தொடாதீங்கன்னு கம்பெனிக்கு அனுப்பின லெட்டர்ல எழுதினேன். மறுபடி ப்ளூ பண்ணாலும் அதே பிரேம் திரும்ப ஊதாவா மாற வாய்ப்பு இருக்குங்கறதையும் மனசுல வச்சுக்கங்க.

அடுத்தது ரொம்ப பேருக்கு தெரியாதது, ஓல்ட் மாடல் பிளாக்ஹாக்ல கைப்பிடிச் சட்டம் ஸ்டீல் இல்ல, அலுமினியம். அதுல இருக்கற கறுப்பு ப்ளூயிங் இல்ல, அனோடைசிங், அதாவது அலுமினியத்து மேல மின்சாரம் வச்சு உண்டாக்கற ஆக்சைடு தோல். காஸ்டிக் தொட்டில அலுமினியத்தைப் போட்டா அது கரைஞ்சு போயிடும், தொட்டியும் பாழ். பேர்கேட்ல ஆரம்பத்துல வந்ததுக்கு பிரேமே அலுமினிய அலாய்தான். அதனால மொத்தமா ப்ளூ பண்ணிக் கொடுங்கன்னு சொல்றதுல அர்த்தம் இல்ல, எந்தப் பகுதிக்கு எதுன்னு தனித்தனியா கேக்கணும். வீட்டுல செக் பண்ண ஒரு சின்ன காந்தம் போதும், ஒட்டலைன்னா அலுமினியம்.

அனுப்பறதுக்கு முன்னாடி என்ன கோளாறுன்னு நீங்களே பாத்து எழுதி வைங்க. குண்டு இல்லைன்னு ஆறு குழியையும் கண்ணால பாத்து, விரலால தடவி, திரும்ப ஒரு தடவ பாருங்க. அப்புறம் மெதுவா காக் பண்ணுங்க, ஹேமர் முழுசா பின்னாடி போய் நிக்கறப்ப சிலிண்டர் சரியா பூட்டிக்கிச்சான்னு ஒவ்வொரு குழிக்கும் பாக்கணும், ஒன்னு ரெண்டு குழில மட்டும் பூட்டாம நின்னா டைமிங், அதாவது குழி பேரலுக்கு நேரா வந்து நிக்கற ஒழுங்கு போயிருக்கு. சிலிண்டரைப் பிடிச்சு முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க, கொஞ்சமா நகர்றது இயல்பு, லொடலொடன்னு ஆடினா எழுதுங்க. பேரலோட பின்பக்க வாய்ல லைட் அடிச்சு விரிசல் இருக்கான்னு பாருங்க. ரேஞ்ச்ல சுடறப்ப பக்கத்துல நிக்கறவர் மேல ஈயத்துகள் தெறிச்சா அதை முதல் வரியா எழுதுங்க, அது டைமிங் கோளாறோட பெரிய அடையாளம். ஸ்பிரிங் பத்தி அவ்வளவு பயப்பட வேண்டாம், பழைய கவ்பாய் காலத்து ரிவால்வர்ல அடிக்கடி உடையற தட்டை ஸ்பிரிங்குக்கு பதிலா ரூகர் ஆரம்பத்துல இருந்தே சுருள் ஸ்பிரிங் போட்டதால அது அத்தனை வருஷம் கழிச்சும் நல்லா இருக்கும்.

அப்புறம் கஸ்டமர் சர்வீஸுக்கு போன். சீரியல் நம்பரைச் சொல்லி கன்வர்ஷன் வேணும்னு சொல்லுங்க, இந்த மாடலுக்கு இப்ப ரீஃபினிஷ் செய்யறீங்களா, என்ன ஆகும், எவ்வளவு நாள்னு கேளுங்க, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எஸ்டிமேட் சொல்லி சம்மதம் வாங்கணும்னு சொல்லிடுங்க. பேரலை மாத்தற மாதிரி இருந்தா என்கிட்ட கேக்காம மாத்தாதீங்கன்னு கட்டாயம் சொல்லணும். ஓல்ட் மாடல் பேரல் சுத்தமா இருக்கும், பின்னாடி வந்த பேரல்கள்ல துப்பாக்கியை பயன்படுத்தறதுக்கு முன்னாடி மேனுவலை படிக்கவும்னு நீளமா எச்சரிக்கை வரி அடிச்சிருப்பாங்க. பழைய துப்பாக்கில அந்த வரியோட பேரல் வந்தா பாக்கவே ஒட்டாது.

பெட்டில போடறதுக்கு முன்னாடி ஒரிஜினல் மர கிரிப்பைக் கழட்டி வீட்டுலயே வச்சுட்டு சாதாரண கிரிப் போட்டு அனுப்பலாம். ஸ்க்ரூ தலைக்கு சரியா பொருந்தற ஸ்க்ரூடிரைவர் இல்லைன்னா தொடாதீங்க, தலை சிதைஞ்சா அசிங்கமாயிடும். ஹோல்ஸ்டர், ஸ்கோப் எதுவும் கூட வேண்டாம். ரெண்டு பக்கமும் போட்டோ, சீரியல் நம்பர் தனியா ஒரு போட்டோ. உங்க பேர், போன் நம்பர், என்ன செய்யணும் என்ன செய்யக்கூடாதுன்னு ஒரே பக்கத்துல தெளிவா ஒரு லெட்டர். குண்டு ஒன்னு கூட பெட்டில இருக்கக் கூடாது, பெட்டிக்கு வெளிய உள்ள இருக்கறது துப்பாக்கின்னு தெரியற எந்த எழுத்தும் இருக்கக் கூடாது.

சட்டம் பத்தி. அமெரிக்க ஃபெடரல் சட்டத்துல, 1968 கன் கண்ட்ரோல் ஆக்ட்ல, சொந்த துப்பாக்கியை ரிப்பேருக்காக லைசென்ஸ் இருக்கற கம்பெனிக்கு வேற மாநிலத்துக்கு அனுப்பலாம், அவங்க ரிப்பேர் முடிச்சு நேரா உங்க வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம், நடுவுல டீலர் தேவையில்ல. ஆனா கைத்துப்பாக்கியை சாதாரண ஆள் போஸ்ட் ஆஃபீஸ்ல அனுப்பறதை 1927ல வந்த சட்டம் தடுத்துச்சு, அதனால நீங்களா போஸ்ட்ல போடாதீங்க. யூபிஎஸ், ஃபெடெக்ஸ் ரெண்டும் தனி ஆளுங்க கிட்ட நேரா வாங்கறதை நிறுத்திட்டாங்க. அதனால வழி ரெண்டுதான், கம்பெனி கிட்ட ஷிப்பிங் லேபிளும் அனுப்பற முறையும் கேட்டு வாங்கறது, இல்ல உள்ளூர் லைசென்ஸ் டீலர் மூலமா அனுப்பறது. மாநில சட்டம் தனியா இருக்கு, கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி இடத்துல இருக்கறவங்க டீலர்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க.

முன்னாடியே சொல்ல வேண்டியது இன்னொன்னு, ஹெச்1பி மாதிரி நான்இமிக்ரன்ட் விசால இருக்கறவங்க துப்பாக்கியோ குண்டோ வச்சிருக்கவே ஃபெடரல் தடை இருக்கு, ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு மட்டும்தான். கிரீன் கார்டு, சிட்டிசன்னா அந்தத் தடை இல்ல. ஃப்ரெண்டு பழசைக் கொடுத்தார்னு வாங்கி வீட்டுல வைக்கறதுக்கு முன்னாடி விசா நிலைமையை ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கங்க, இது விளையாட்டு இல்ல, மொத்த இமிக்ரேஷன் கேஸும் போயிடும்.

திரும்பி வந்ததும் பெரியவங்க ஒருத்தர் கையெழுத்து போட்டு வாங்கணும், அதனால ட்ராக்கிங்கைப் பாத்து அன்னைக்கு வீட்டுல இருங்க. பெட்டியைத் திறந்ததும் முதல்ல குண்டு இருக்கான்னு செக், அப்புறம் சீரியல் நம்பர், அப்புறம் பழைய பார்ட்ஸ் கவர். காக் பண்ணிப் பாத்தா ஹேமருக்கு முன்னாடி ட்ரான்ஸ்ஃபர் பார் மேல எழும்பறது கண்ணுக்கே தெரியும். என்னோடதுல சிலிண்டர் ஆட்டம் போயிருந்துச்சு, பேரல் கறுப்பா வந்துச்சு, ஆழமான ரெண்டு புள்ளி மட்டும் இன்னும் தெரியுது, அதுக்கு மேல தேய்ச்சா எழுத்து போயிடும்னு விட்டுட்டாங்க, அது சரியான முடிவு. பழைய பார்ட்ஸ் கவர்ல சீரியல் நம்பரை எழுதி, லேசா எண்ணெய் தடவி, சேஃப்ல வச்சுட்டேன். லெதர் ஹோல்ஸ்டரை வேற அலமாரில வச்சிருக்கேன், அதுக்குள்ள துப்பாக்கியை ராத்திரி கூட விடறதில்ல.